பிசிசியன் அசிஸ்டன்ட் படிப்பு: 'நூறு சதவீத தேர்ச்சி'ன்னு போர்டு வச்சா நம்பலாமா?

நீட்ல மார்க் வரலை, ஆனாலும் ஆஸ்பத்திரி வேலைதான் வேணும். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தூத்துக்குடி மில்லர்புரம் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஓடும். அப்போது அதிகமாகக் காதில் விழும் பெயர்களில் ஒன்று, பி.எஸ்சி. பிசிசியன் அசிஸ்டன்ட். 'பி.ஏ.' என்று சுருக்கிச் சொன்னால், வரலாறா பொருளாதாரமா என்று கேட்கிற ஊர் நம்முடையது. அதனால் முதலில் அது என்ன படிப்பு என்று பார்த்துவிடலாம்.

டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியின் பழைய விவரங்களைக் கேட்டு எழுதுவது, பரிசோதிப்பது, ஆபரேஷனில் உதவுவது, வார்டில் தொடர்ந்து கவனிப்பது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது போன்றவை இவர்கள் வேலை. இவர்கள் நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் 3 வருடப் படிப்பு, 1 வருடப் பயிற்சி. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடந்து வருகிறது.

சென்னையில் தொடங்கிய கதை

அமெரிக்காவில் டாக்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் இந்தப் படிப்பைத் தொடங்கினார். சேர்ந்தவர்கள் கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்தவர்கள். 1967-ல் பட்டம் வாங்கி வெளியே வந்தது வெறும் 3 பேர்.

இந்தியாவுக்கு இது வந்தது 1992-ல், நம்ம சென்னை வழியாக. இதய அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் கே.எம்.செரியன், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதை அறிமுகப்படுத்தினார். பைபாஸ் ஆபரேஷனுக்குக் காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்துக் கொடுக்க வேண்டும். சர்ஜன் நெஞ்சுப் பகுதியில் வேலை செய்யும்போதே, பயிற்சி பெற்ற இன்னொருவர் அதைச் செய்தால் நேரம் மிச்சம். அந்த இடத்துக்குச் சரியான ஆள் பிசிசியன் அசிஸ்டன்ட்.

சரி, பயிற்சி நல்லா இருக்கான்னு எப்படி அளப்பது?

கல்லூரி விளம்பரங்களில் வழக்கமாக இருப்பது இரண்டு விஷயம்: தேர்ச்சி சதவீதம், பிளேஸ்மென்ட். இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரு கணக்கு பாருங்கள். உதாரணத்துக்கு, முதல் வருடம் 60 பேர் சேர்கிறார்கள். நடுவில் 12 பேர் விலகிவிடுகிறார்கள். மிச்சம் 48 பேர் கடைசித் தேர்வு எழுதி, 45 பேர் பாஸ். கல்லூரி '94 சதவீதம்' என்று போடும். அது பொய் இல்லை. ஆனால் சேர்ந்த 60 பேரில் பட்டம் வாங்கியது 75 சதவீதம்தான். உங்க பிள்ளை அந்த 12 பேரில் ஒருவராக இருந்தால், கட்டிய ஃபீஸுக்கு அந்த 94-ல் எந்தப் பதிலும் கிடையாது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. எந்தக் கல்லூரியில் படித்தாலும், வேலைக்குப் போகும் முன் ஒரே தேசியத் தேர்வு எழுத வேண்டும். முதல் தடவையிலேயே எத்தனை பேர் பாஸ், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்பதையும் கல்லூரிகள் வெளியிட்டாக வேண்டும். அந்தத் தேர்வை அங்கு அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் படித்தவர்கள் மட்டுமே எழுத முடியும். 'இங்க படிச்சா நேரா அமெரிக்கா போகலாம்'னு யாராவது சொன்னால் இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பிளேஸ்மென்ட் கதையும் இதே மாதிரிதான். ஒருவர் ஆறு மாதம் பில்லிங் கவுன்ட்டரில் உட்கார்ந்தாலும், ஐசியூவில் டாக்டர் பக்கத்தில் நின்றாலும், பட்டியலில் அது ஒரே டிக். இரண்டு வருடம் கழித்து அவர் எங்கே, என்ன வேலை செய்கிறார் என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

வார்டில் தெரியும் விடை

பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959-ல் நான்கு படிகள் சொன்னார். படித்தவருக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டாரா, வேலையில் அதைச் செய்கிறாரா, அதனால் பலன் வந்ததா. நம் கல்லூரிகளின் விளம்பரம் இரண்டாவது படியோடு நின்றுவிடுகிறது. நோயாளிக்கு முக்கியமானது மூன்றும் நான்கும்.

பைபாஸையே எடுத்துக்கொள்வோம். ரத்தக்குழாய் எடுத்த காலில் புண் சீழ் பிடித்ததா? டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிய மாத்திரையும் வார்டில் கொடுத்த மாத்திரையும் ஒத்துப்போகிறதா? 30 நாளுக்குள் நோயாளி திரும்ப அட்மிட் ஆனாரா? இதையெல்லாம் ஒரு ஆஸ்பத்திரி தன் ரெக்கார்டை வைத்தே எண்ணிவிடலாம். சிக்கல் என்னவென்றால், புண் ஆறியது யாருடைய கைராசி என்று பிரிப்பது கஷ்டம். சர்ஜன், நர்ஸ், நோயாளியின் சர்க்கரை அளவு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த முடிவு. அதனால் பிசிசியன் அசிஸ்டன்ட் இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும், ஒரே மாதிரி நோயாளிகளை வைத்து ஒப்பிட வேண்டும். அதோடு இன்னொன்றும் பார்க்கணும்: எந்த நேரத்தில் டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறதா? என்னைக் கேட்டால், முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

ஏனென்று பிரிட்டன் காட்டியிருக்கிறது. 2022-ல் லண்டனில் 30 வயதுப் பெண் ஒருவர் நுரையீரலில் ரத்தம் உறைந்து இறந்தார். கிளினிக்கில் அவரை இரண்டு தடவை பார்த்தது பிசிசியன் அசோசியேட். ரத்த உறைவு கண்டுபிடிக்கப்படவில்லை. டாக்டரைத்தான் பார்த்தோம் என்று அவர் நினைத்திருந்தார். அரசு கேட்டு நடந்த ஆய்வின் அறிக்கையை 2025 ஜூலையில் பேராசிரியர் கில்லியன் லெங் வெளியிட்டார். இந்தப் பணியை ஒழிக்கத் தேவையில்லை, ஆனால் இப்படியே விடவும் முடியாது என்றார். பெயரை 'அசிஸ்டன்ட்' என்று மாற்றணும், நோய் என்னவென்றே தெரியாத நிலையில் வருபவர்களை, தெளிவான வழிமுறை இல்லாமல் இவர்கள் முதலில் பார்க்கக் கூடாது என்பவை முக்கியப் பரிந்துரைகள்.

இதில் ஒரு வேடிக்கை. பிரிட்டன் 'அசோசியேட்'டை விடச் சொல்லும் அதே வருடம், இந்தியாவில் 'பிசிசியன் அசோசியேட்' என்ற பெயரில் தேசியப் பாடத்திட்டம் வந்தது. 2021-ல் கொண்டுவரப்பட்ட துணை மருத்துவப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் தொடர்ச்சி இது. 2025 ஏப்ரலில் 10 படிப்புகளுக்குப் பாடத்திட்டம் வெளியானது, அதில் இதுவும் ஒன்று.

தூத்துக்குடிக்கு என்ன?

துறைமுகத் தொழிலாளி, உப்பளத்தில் வேலை செய்பவர், கடலுக்குப் போகிறவர் எல்லோரும் பெரிய பிரச்சினைன்னா நம்பி வரும் இடம், 2000-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. டியூக்கில் இந்தப் படிப்பு பிறந்ததே ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கத்தான். அந்தக் கணக்கில் பார்த்தால், இங்கிருந்து போய்ப் படித்தவர்களில் எத்தனை பேர் மாவட்டத்துக்குத் திரும்பி வேலை செய்கிறார்கள் என்பதும் ஒரு மார்க்தான்.

அட்மிஷனுக்குப் போகும்போது கல்லூரியில் இதையெல்லாம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் முடித்தார்கள்? இன்டர்ன்ஷிப் எந்த ஆஸ்பத்திரியில், எந்தெந்த வார்டில், யார் மேற்பார்வையில்? இரண்டு வருடம் முன்னால் முடித்த சீனியர் இரண்டு பேரிடம் பேச முடியுமா? தயங்காமல் போன் நம்பர் எடுத்துக் கொடுக்கிற கல்லூரியை லிஸ்ட்டில் மேலே வைக்கலாம்.