படுத்துவிட்டால் யார் பார்ப்பார்?

ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தவர் அந்த அம்மையார். வயது 81. விஸ்வரூப தரிசனத்துக்கு நாள் தவறாமல் நடந்த கால்கள் இப்போது வாசற்படி இறங்கவே தயங்குகின்றன. ஒரே மகனுக்குப் புனேயில் உத்தியோகம். சென்ற மார்கழியில் விடியற்காலை குளியலறையில் வழுக்கி விழுந்தவர், பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை அப்படியே கிடந்தார். அதன் பின்னர் முதியோர் இல்லம் என்ற பேச்சை எடுத்தவர் மகன் அல்லர், அம்மையாரேதான்.

முதலில் சென்று பார்த்தது கோவைக்கு அருகே ஓர் இல்லம். நுழைந்தவுடன் சந்நிதி, இரு வேளையும் ஆரத்தி, முற்றத்தில் துளசி மாடம். மகனுக்கு மனம் குளிர்ந்தது. பதிவுச் சான்றிதழைக் கேட்டபோது, "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்றார் மேலாளர். எப்போது விண்ணப்பித்தார்கள் என்பதற்கு விடையில்லை.

சந்நிதியைக் கண்டதும் சான்றிதழை மறப்பது நம்மவர் வழக்கம். தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் சமூக நலத் துறையில் பதிவு பெற்றிருக்க வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இல்லத்தின் பெயரைச் சொல்லி விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும். முதியோருக்கான கட்டணமில்லாத் தொலைபேசி 14567-இலும் வழி கேட்கலாம். சமையற்கூடத்துக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் உண்டா, லிப்ட் இருந்தால் அதற்கு உரிமம் உண்டா என்று கேட்பதும் மரியாதைக் குறைவு ஆகாது.

அந்த இல்லத்தார் கேட்ட முன்வைப்புத் தொகை 12 லட்சம் ரூபாய். வைப்புத் தொகை என்ற சொல்லைக் கேட்டதும் வங்கியில் போடும் பணத்தைப் போல எண்ணிவிடுகிறோம். வங்கியில் போட்ட பணத்துக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு இருக்கிறது. இல்லத்தில் கட்டிய பணத்துக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை; கையொப்பமிட்ட ஒப்பந்தம் ஒன்றே துணை. ஆண்டுதோறும் எவ்வளவு கழிப்பார்கள், எத்தனை நாளில் திருப்புவார்கள், காலமானால் யார் கையில் கொடுப்பார்கள் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

மகன் இக்கணக்கிலேயே மூழ்கியிருந்தபோது அம்மையார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நான் படுத்துவிட்டால் யார் பார்ப்பார்?"

மேலாளர் புன்னகைத்தார். "அதெல்லாம் பெருமாள் பார்த்துக்கொள்வார், மாமி." ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் வேறு விடை இருந்தது: தம் வேலையைத் தாமே செய்ய இயலாத நிலை வந்தால் 15 நாளுக்குள் குடும்பத்தார் அழைத்துச் செல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டு அதைப் படித்த அம்மையார், "எழுந்து நடக்கிறவளுக்கு இவர்கள் எதற்கு?" என்று எழுந்துவிட்டார்.

இரண்டாவது இல்லம் திருச்சியிலேயே. சுவரில் வெள்ளையடித்துப் பல காலம் ஆகியிருந்தது. முன்னறிவிப்பின்றி மதிய உணவு வேளையில் போனார்கள். அலுவலக அறையில் பதிவுச் சான்றிதழ் சட்டமிட்டுத் தொங்கியது. ரசம் சூடாக இருந்தது. கை நடுங்கும் பெரியவர் ஒருவருக்கு ஆயா ஒருத்தி அவசரமில்லாமல் ஊட்டிக்கொண்டிருந்தாள். அம்மையார் அதையே வெகுநேரம் பார்த்தார்.

கேள்வி மீண்டும் எழுந்தது. "கீழ்த்தளத்தில் தனிப் பகுதி இருக்கிறது, மாமி. இரவிலும் செவிலியர் உண்டு. கட்டணம் கூடும், எவ்வளவு என்பது இதோ இந்தத் தாளில் இருக்கிறது. மருத்துவமனைக்கு அழைத்துப் போக மகன் வரும்வரை காத்திருக்க மாட்டோம்" என்றார் பொறுப்பாளர். முன்பணம் மூன்று மாதக் கட்டணம் மட்டுமே.

வீட்டை என்ன செய்வது என்ற பேச்சும் வந்தது. விற்க வேண்டாம், மகன் பெயருக்கு எழுதவும் அவசரமில்லை என்று முடிவாயிற்று. (எழுதிக்கொடுக்கிறவர்கள், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்ப்பது நல்லது. அது மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கக் கோர 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது.)

"ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன். பிடித்தால் வீட்டை வாடகைக்கு விடலாம்" என்றார் அம்மையார். பெருமாள் படமும் தாமிரச் சொம்பும் பெட்டியில் ஏறின. ஏகாதசிதோறும் இல்லத்து வண்டி ஸ்ரீரங்கம் போகிறது என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். வீட்டைப் பூட்டிய மகன் சாவியைத் தன் பையில் போடப் போனபோது கையை நீட்டி வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்.