யோசபாத் செய்த தவறு என்ன?

கருத்து ஒத்துப்போகாத இரண்டு பேர் ஒரு நல்ல காரியத்துக்காகக் கைகோர்த்தால் போதும். சபைகளில் யாராவது ஒருவர் உடனே 'அந்நிய நுகம்' என்று ஆரம்பித்துவிடுவார். அடுத்து யோசபாத்தின் கதை வரும். பக்தியுள்ள யூதாவின் ராஜா, பாகாலைக் கும்பிட்ட ஆகாபோடு கூட்டுச் சேர்ந்தான், அவமானப்பட்டான். ஆகவே நம்மைப் போல நினைக்காதவனோடு சேராதே... அவ்வளவுதான், பிரசங்கம் முடிந்தது!

1 இராஜாக்கள் 22ஆம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படித்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. ராமோத்தை மீட்கப் போருக்குப் போகலாமா என்று ஆகாப் கேட்கிறான். சுமார் 400 தீர்க்கதரிசிகள் 'ஆமாம் சாமி' போடுகிறார்கள். யோசபாத்துக்குச் சந்தேகம். வேறு தீர்க்கதரிசி யாரும் இல்லையா என்று கேட்கிறான். நல்ல கேள்வி! மிகாயா வருகிறான், தோல்விதான் என்று உள்ளதைச் சொல்கிறான். அவன் கன்னத்தில் அறை விழுகிறது. ஆகாப் அவனைச் சிறைக்கு அனுப்புகிறான்.

அப்போது யோசபாத் என்ன செய்தான்? கூடவே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் ஒரு வார்த்தை தடுத்ததாகக்கூட அங்கே எழுதப்படவில்லை. உண்மையைக் கேட்டு வாங்கியவனே அதைச் சிறைக்கு அனுப்பிவிட்டுப் போருக்குக் கிளம்பினான்.

'ஆகாபுக்குத் துணை போனதைத்தானே யெகூ கண்டித்தான்?' என்பார்கள். சரிதான். ஆனால் எதற்குத் துணை? வேண்டாம் என்று மிகாயா எச்சரித்த போருக்குத் துணை. அதோடு சம்பந்தம் வேறு. யோசபாத்தின் மகன் யோராமுக்கு ஆகாபின் மகள் அத்தாலியாள் மனைவியானாள். பின்னாளில் அவள் யூதாவின் ராஜ வம்சத்தையே அழிக்கப் பார்த்தாள். தப்பியது யோவாஸ் என்ற ஒரு குழந்தை.

வேற்று மதத்தாரிடம் ஒத்துழைப்பு வாங்குவதே பாவம் என்றால் நெகேமியாவை என்ன செய்வது? எருசலேமின் மதிலுக்கு அவன் மரம் கேட்டது பெர்சிய ராஜாவிடம். வாங்கினான், கட்டினான். அதற்காகப் பெர்சியாவின் தெய்வங்களைக் கும்பிடவில்லை.

சரித்திரத்திலும் உதாரணம் இருக்கிறது. 1787 மே 22 அன்று லண்டனில் ஓர் அச்சகத்தில் 12 பேர் கூடி, அடிமை வியாபாரத்தை ஒழிக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதில் 9 பேர் குவேக்கர்கள், 3 பேர் ஆங்கிலிக்கன் சபையார். குவேக்கர்களுக்குத் தண்ணீர் ஞானஸ்நானமும் கிடையாது, அப்பமும் ரசமும் வைத்த திருவிருந்தும் கிடையாது. மற்றவர்களுக்கோ அவை உயிர். உபதேசத்தில் உடன்பாடு வரட்டும் என்று காத்திருந்தால் கப்பல்கள் ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

பாராளுமன்றத்தில் இன்னும் வேடிக்கை. சுவிசேஷப் பக்தரான வில்பர்ஃபோர்ஸும், சூதாட்டத்துக்குப் பேர்போன சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸும் ஒரே பக்கம். 1795இல் பொதுக்கூட்டங்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை வில்பர்ஃபோர்ஸ் ஆதரித்தார், ஃபாக்ஸ் கடுமையாக எதிர்த்தார். சேர்ந்திருக்கிறோமே என்று யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை. 1806இல் அடிமை வியாபாரத்துக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அதே ஃபாக்ஸ். சில மாதங்களில் இறந்துபோனார். 1807இல் சட்டம் வந்தது.

விலை கொடுக்காமல் இது நடக்கவில்லை. அடிமை முறையையே எதிர்க்க வேண்டும் என்று சங்கத்தில் கிரான்வில் ஷார்ப் வாதாடினார். மற்றவர்கள் முதலில் வியாபாரத்தை மட்டும் ஒழிப்போம் என்றார்கள். அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்துக்கு 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த 26 வருடங்களைச் சுமந்தவர்கள் அடிமைகள், சங்கத்தார் அல்ல. கூட்டணியைப் புகழ்கிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

மாற்கு 3ஆம் அதிகாரத்திலும் ஒரு கூட்டணி உண்டு. ஓய்வுநாளில் ஒரு சூம்பின கை சுகமானதும், ஒருவருக்கொருவர் ஆகாத பரிசேயரும் ஏரோதியரும் ஒன்றுசேர்ந்தார்கள். எதற்கு? இயேசுவைக் கொலை செய்ய!

ஆகவே யாரோடு சேர்ந்தான் என்று மட்டும் கேட்டு ஒருவனை நியாயந்தீர்ப்பது சோம்பேறித்தனம். அந்தக் கூட்டு யாரை விடுவிக்கிறது, யாரை நசுக்குகிறது? அதற்குள் மிகாயா பேசலாமா, கூடாதா? பேசியவன் சிறைக்குப் போகிறான் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் எழுந்துவிட வேண்டும். யோசபாத் எழுந்திருக்கவில்லை. அதுதான் அவன் செய்த தவறு.