சூரன் எங்கே நிற்கின்றான்?

யாழ்ப்பாணத்துச் சைவ மக்களுக்குக் கந்தபுராணம் ஏட்டளவில் நின்ற நூலன்று. கோயில் மண்டபத்திலே ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஊரவர் கூடியிருந்து கேட்ட நூல் அது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் நமது வாழ்க்கை முறையையே கந்தபுராண கலாசாரம் என வழங்கியமையும் இதுபற்றியே. பயன் கேட்டோம், பயன் பெற்றோமா என்னும் ஐயம் மட்டும் எமக்கு நீங்கியபாடில்லை.

தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரபன்மன் ஆணவம் என்று சமயபாட வகுப்பிலே ஒப்புவித்தோம். பரீட்சைக்கு அது போதுமாயிருந்தது. ஆனாற் கச்சியப்ப சிவாசாரியர் சூரனைப் படைத்த முறையை உற்று நோக்குவார்க்கு வேறொன்று புலப்படும். அவன் சோம்பேறியல்லன், அறிவிலியுமல்லன். அருந்தவஞ் செய்து, ஆயிரத்தெட்டு அண்டங்களை நூற்றெட்டு யுகம் ஆளும் வரம் பெற்றவன். முயன்று பெற்ற பேறே அவனுக்குத் திரையாயிற்று. வீரவாகுதேவர் தூது வந்து எடுத்துரைத்தும் தேவரைச் சிறைவிட மறுத்தான். போர்க்களத்திலே முருகப்பெருமான் பேருருவங் காட்டியபோது அவனுக்கும் நல்லுணர்வு பிறந்தது, துதிக்கவுஞ் செய்தான். அவ்வுருவம் மறைந்ததும் பழைய சினம் மீண்டது. இந்த இடத்தை வாசிக்குந்தோறும் எமக்குக் கூச்சமாயிருக்கும். திருவிழாவிலே கண்ணீர் மல்க நின்ற நாம், சுவாமி வீதி சுற்றி வருமுன்னரே, காளாஞ்சி முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டதென்று கணக்குப் பார்த்ததில்லையா?

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. சூரனை ஆணவமென்று விரித்துரைத்த கோயில்கள் சிலவற்றின் வாயில், சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் 1957இல் இயற்றப்பட்ட பின்னரும், நம்மவரில் ஒரு பகுதியினருக்கு அடைத்தே கிடந்தது. உள்ளே இருந்து பயன் கேட்டவர்களுக்குச் சூரன் கடல் நடுவே வீரமகேந்திரத்தில் இருந்தான் போலும்!

தத்துவப்பொருள் கூறினாற் புராணம் வெறுங் கட்டுக்கதையாய்விடும் என அஞ்சுவார் சிலர். எமது கருத்து அஃதன்று. சூரன்போரிலே யானைத்தலையுஞ் சிங்கத்தலையும் மாறி மாறி வரக்கண்டு கைகொட்டுங் குழந்தைக்குக் கதையே போதும். அதைப் பறித்தல் பாவம். வளர்ந்தவரும் கைகொட்டுதலோடு நின்றுவிடுவதே எமக்கு உடன்பாடில்லை.

இந்த மலரிலே பழைய மாணவர் வகித்த பதவிகளும் எழுப்பிய கட்டடங்களும் வரிசையாக இடம்பெறும். இடம்பெறட்டும். மாமரமாய் நின்ற சூரனை வேல் பிளந்தபோதும் அவன் இல்லாது ஒழியவில்லை. மயிலாகிப் பெருமானைச் சுமந்தான், சேவலாகிக் கொடியில் ஏறினான். ஆணவம் அழிவதில்லை, அதன் சத்தியே அடங்கும் என்னுஞ் சித்தாந்தத்திற்கு இதனினும் தெளிந்த விளக்கத்தை நாம் கண்டிலோம். பதவியுங் கட்டடமும் எவரைச் சுமக்கின்றன என்பதே கேள்வி.

வருங் கந்தசட்டியிலே பயன் சொல்பவர் ஆணவம் என்னுஞ் சொல்லை எடுக்கும்போது, பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பாராதிருக்க எண்ணியுள்ளோம். சென்ற ஆண்டு எம்மால் இயலவில்லை.