அடுப்படியிலும் ஜெபம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. மாதா கோவில் மணி அடிக்கிறது. குடும்பத்தோடு போய்ப் பூசை கண்டு திரும்புகிறார் ஒருவர். வந்ததும், "சாப்பாடு இன்னும் ஆகவில்லையா?" என்று மனைவி மீது எரிந்து விழுகிறார். சற்று முன் செய்த ஜெபம் எங்கே போயிற்று?

பிரான்சு நாட்டில் லாரன்ஸ் என்று ஒரு துறவி இருந்தார். முதலில் அவர் போர்வீரர். போரில் காயம்பட்டுக் கால் ஊனமாயிற்று. 1640-ல் பாரீசில் கார்மல் சபை மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது சமையல் வேலை.

சமையல் என்றாலே அவருக்குப் பிடிக்காது! ஆனாலும் 15 ஆண்டுகள் அடுப்படியில் நின்றார். வேலை தொடங்குமுன் ஆண்டவரிடம் துணை கேட்பார். முடிந்ததும் நன்றி சொல்வார். முட்டை அடையைப் புரட்டிப் போடுவதுகூட ஆண்டவருக்காகத்தான். தவறு நேர்ந்தால் மன்னிப்புக் கேட்பார். அதையே நினைத்து அழுதுகொண்டிராமல் அடுத்த வேலையைப் பார்ப்பார். பலர் ஒரே சமயத்தில் பலதையும் கேட்டுக் கூச்சலிட்டாலும் மனம் கலங்கமாட்டார். ஜெப நேரம் வேறு, வேலை நேரம் வேறு என்பதே அவரிடம் இல்லை.

இது கிறிஸ்தவ விசுவாசத்துக்குப் புதிதல்ல. இயேசுநாதரே தச்சு வேலை செய்தவர். உயிர்த்தெழுந்தபின் கடற்கரையில் தீ மூட்டி, மீனும் அப்பமும் வைத்துச் சீடர்களைச் சாப்பிட அழைத்தார் என்று வேதம் சொல்கிறது.

லாரன்சுக்கு இந்தப் பக்குவம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதல் 10 ஆண்டுகள் மனப் போராட்டம்தான் என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1691-ல் அவர் இறந்தபின் அந்தக் கடிதங்கள் புத்தகமாக வந்தன. ஆகவே, எரிந்து விழுந்த நம் வீட்டுக்காரரும் மனம் தளர வேண்டியதில்லை. சோறு வேகும்வரை இலை போட்டுத் தண்ணீர் வைக்கலாமே!