ஆங்கிலம் அறிவோம்: 'வெரி' வேறு, 'டூ' வேறு

தாப்பாவிலிருந்து ஒரு தம்பி வேலை கேட்டு நேர்முகத் தேர்வுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். "இந்த வேலை எப்படி?" என்று அதிகாரி கேட்கிறார். 'மிகவும் கஷ்டம்தான், ஆனாலும் செய்வேன்' என்பது தம்பியின் எண்ணம். வாயில் வருவதோ, 'டூ ஹார்ட்'! 'என்னால் முடியாத அளவுக்குக் கஷ்டம்' என்றல்லவா அது அதிகாரியின் காதில் விழும்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமே!

'வெரி ஹார்ட்' என்பதே சரி.

இந்த 'வெரி' ஆங்கிலத்தில் பிறந்த சொல் அன்று. லத்தீனில் 'வேருஸ்' என்றால் 'உண்மையான'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, முதலில் 'மெய்யான' என்றே பொருள் தந்தது. பிறகுதான் 'மிக' ஆயிற்று. நிறைவைக் குறிக்கும் நம் 'நிரம்ப'வும் பேச்சில் 'ரொம்ப' ஆகி, 'மிக' என்று நிற்கவில்லையா? 'தி வெரி மேன்' என்றால் 'அந்த ஆளேதான்'. அது பழைய பொருளின் மிச்சம்.

மலாய் தெரிந்தவர்களுக்கு வேறுபாடு சுலபம். 'வெரி' என்பது 'சங்காட்'; 'டூ' என்பது 'தெர்லாலு'. தேநீர் 'வெரி ஹாட்' என்றால் ஊதிக் குடிக்கலாம். 'டூ ஹாட்' என்றால் ஆறும்வரை தொட முடியாது.

இன்னொன்று: வினைச்சொல்லோடு 'வெரி' தனியே ஒட்டாது. 'ஐ வெரி லைக் இட்' பிழை. 'ஐ லைக் இட் வெரி மச்' சரி.

இன்றிரவே பிள்ளைகளை உட்கார வைத்து, இரண்டுக்கும் ஐந்தைந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே எழுதிப் பாருங்கள்.