ரேடியோவில் ஒரு கேள்வி

பிரசங்கம் கேட்பதற்கும் சம்பாஷணை கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பிரசங்கம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷத்தில் நமக்குக் கொட்டாவி வந்து விடுகிறது. அடுத்த வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக் கொண்டாலோ, வந்த தூக்கமும் போய்விடுகிறது; காது தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிறது. இது மனித சுபாவம். ரேடியோவில் பேசுகிறவர்கள் இந்தச் சுபாவத்தை அறிந்து நடந்தால் ஜனங்களுக்கு எவ்வளவு நன்மை உண்டாகும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு திருஷ்டாந்தம் கிடைத்தது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் ஒரு நாள் காலையில் குழாயை மூடிவிட்டு, என் மனைவியிடம், "ஏம்மா, காச நோய்க்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பணம் வாங்காமல் மருந்து கொடுக்கிறார்களாமே, நிஜந்தானா?" என்று கேட்டாள்.

"நிஜந்தான். உனக்கு யார் சொன்னார்கள்?"

"ரேடியோவிலே ஒரு பொம்பளை கேட்டாள், டாக்டர் சொன்னார்."

நேயர்கள் இந்தப் பதிலைச் சற்றுக் கவனிக்க வேண்டும். டாக்டர் சொன்னது அவளுக்கு இரண்டாம்பட்சம். தன்னைப் போன்ற ஒருத்தி கேட்டாள் என்பதுதான் முதலில் வந்தது.

கேட்ட விஷயம் இதுதான். அந்த ஸ்திரீயின் புருஷனுக்கு மூன்று வாரமாக இருமல். ஆஸ்பத்திரிக்குப் போனால் வியாதியின் பெயர் வெளியே தெரிந்து, வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்லி விடுவாரோ என்று பயம். இந்தப் பயத்தை வைத்தியரின் எதிரில் உட்கார்ந்து சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்குமா? ரேடியோவில் முகம் தெரியாது. ஆகையால் மனம் திறந்தது.

டாக்டரும் பயத்துக்குத்தான் முதலில் பதில் சொன்னாராம். சரியான மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால், சாதாரணக் காச நோயில் சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குத் தொற்றும் அபாயம் பெரும்பாலும் நீங்கிவிடும்; ஒதுக்கி வைப்பதற்கு நியாயமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும். சாதாரணமாக ஆறு மாதம் மருந்து. உடம்பு தேறிவிட்டதென்று நடுவில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத வியாதியாக அது மாறக்கூடும். பேட்டி கண்டவரும் புத்திசாலி. "எங்கே போவது? கையில் என்ன கொண்டு போவது?" என்று விடாமல் கேட்டிருக்கிறார். சத்துள்ள ஆகாரத்துக்காகச் சர்க்கார் 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயுமாக நோயாளிக்கு அளித்து வருவதும், அது பாங்கிக் கணக்கில் சேருவதால் பாஸ் புத்தகம் வேண்டுமென்பதும் அதனால் வெளிவந்தன.

இவையெல்லாம் எனக்குத் தெரியாதவை அல்ல. எங்கள் வீட்டுக்குத் தினசரி இரண்டு, வாரப் பத்திரிகை மூன்று வருகின்றன. அந்த அம்மாளை அழைத்துப் போக அவ்வப்போது வரும் அவளுடைய மகன் வாசலில் நின்று இருமுவதையும் ஒரு மாதமாகக் கேட்டுக் கொண்டிருந்தேன். "பீடியைக் குறைத்துக் கொள்ளப்பா" என்று தர்மோபதேசமும் செய்தேன். படித்தவன் உபதேசம் செய்தான்; படிக்காதவள் ரேடியோவைக் கேட்டு மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சோதனையில் காச நோய் என்று தெரிந்தது. இப்போது மூன்றாவது மாத மாத்திரை நடக்கிறது. முகத்தில் களை வந்திருக்கிறது.

உள்ளூர் ரேடியோ சென்னைக்குப் புதிதல்ல. 1924இல் இங்கே ரேடியோ கிளப் ஒன்று தோன்றியது. பிறகு 1930இல் சென்னை நகரசபையே ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. 1938 ஜூன் 16ஆம் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் ஆரம்பமாயிற்று. அது முதல் நெடுங்காலம் ஆகாயம் முழுவதும் மத்திய சர்க்காரின் வசத்தில் இருந்தது. ஒலியலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டு 1995இல் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரி 1ஆம் தேதி அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கிற்று. 2006 முதல் தொண்டு ஸ்தாபனங்களுக்கும் அனுமதி கிடைத்தது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' 2016இல் பிறந்தது.

இந்த நிலையங்களின் குரல் சுமார் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. இதைக் குறை என்று நினைப்பவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில் இதுவே அதன் பெருமை. டில்லியிலிருந்து பேசுகிறவர், "அருகிலுள்ள சுகாதார நிலையத்தை அணுகவும்" என்றுதான் சொல்ல முடியும். உள்ளூர்க்காரரோ, "பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், பிள்ளையார் கோவிலை ஒட்டிய மஞ்சள் கட்டிடம், காலையிலேயே போய்விடுங்கள்" என்பார். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாததனாலேயே எத்தனையோ பேர் வியாதியை வீட்டில் வைத்துக் கொண்டு தவிக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். சம்பாஷணைக்கு இவ்வளவு சக்தி இருப்பதை மருந்து வியாபாரிகள் நமக்கு முன்பே கண்டு கொண்டு விட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய நேரத்தில் பயிற்சி பெற்ற குரல் ஒன்று கேள்வி கேட்கும். "வைத்தியர்" ஒருவர் நீரிழிவை வேரோடு பிடுங்கும் சூரணத்தைச் சொல்வார். நீரிழிவு, புற்றுநோய் முதலியவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. ஆனாலும் சட்டம் விழித்துக் கொள்வதற்குள் சூரணம் விற்றுப் போகிறது. அசலையும் போலியையும் எப்படிக் கண்டறிவது? அசல் சம்பாஷணை ஆஸ்பத்திரி வாசலில் போய் முடியும். போலி, கல்லாப்பெட்டியில் போய் முடியும்.

ஆகவே, படித்த குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இப்படி ஒரு நிலையம் இருந்தால், அங்கே கேள்வி கேட்க ஆள் வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் கொடுக்கக்கூடிய வைத்தியர்களும் வேண்டும். நிலையம் இல்லாத ஊரிலும், படித்த செய்தியை வீட்டு வாசல் வரையிலாவது கொண்டு போய்ச் சொல்ல எந்த லைசென்ஸும் தேவையில்லை.

நேற்று அந்த அம்மாள் வேறொரு சமாசாரம் கொண்டு வந்தாள். மனக் கலக்கம் உள்ளவர்கள் 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் டெலிபோன் செய்யலாமாம். என் மனைவி அதைக் காலண்டரில் குறித்துக் கொண்டாள். இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் காலையில் பத்திரிகையைப் பிரிப்பதற்கு முன், "நேற்று ரேடியோவில் என்ன கேட்டார்கள்?" என்று அவளைத்தான் முதலில் விசாரிக்கிறோம்.