கிணற்றுக்கு ஏது சிம்?

தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று பிறப்பித்த சிம் பிணைப்பு ஆணைக்கு 90 நாள் கெடு விதிக்கப்பட்டது. ஆணைப்படி, பதிவு செய்த சிம் கைப்பேசியில் இருந்தால்தான் வாட்ஸப், டெலிகிராம், அரட்டை எல்லாம் ஓடும். வெப் அமர்வு ஆறு மணி நேரத்துக்குள் அறுந்துவிடும்; மறுபடி கியூஆர் காட்ட வேண்டும். 2024இல் மட்டும் இணைய மோசடியில் 22,800 கோடி ரூபாய்க்கு மேல் பறிபோனது என்கிறது அரசு. சிம் இங்கே, ஆள் எல்லைக்கு அப்பால் என்ற பித்தலாட்டத்துக்குக் கடிவாளம் போடட்டும்; மறுப்பில்லை.

அடி விழுவது வேறிடத்தில். சிறு போர்டு ஒன்றில் வாட்ஸப் வெப் அமர்வை உயிரோடு வைத்து, தொட்டி மட்டத்தையும் மோட்டார் டிரிப்பையும் குரூப்புக்குத் தள்ளும் வேலையை நம்மில் பலர் செய்கிறோம். வாட்ஸப் நிறுவன விதிக்கு அது பொருந்தாது என்று தெரிந்தேதான். பென்னாகரம் பக்கம் போர்டு கிணற்று மேட்டில், கைப்பேசி வீட்டில். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வரும்போது அமர்வு அறுந்து கிடந்தால்? நாளுக்கு நான்கு முறை வரப்பில் நடந்து கியூஆர் காட்டுவதற்கு மோட்டாரையே போட்டுவிட்டு வந்துவிடலாம். மிஸ்டு காலில் ஓடும் பழைய செல்போன் ஸ்டார்ட்டருக்கு ஒரு சேதமும் இல்லை என்பது வேடிக்கை.

இந்த ஆணையில் ஆள் இருக்கிறார், அவர் கைப்பேசி இருக்கிறது, கருவி இல்லை. நமது பழைய புகார் இதுதான். 2018இல் இதே துறை கருவிகளுக்கென 13 இலக்க எண்ணை வகுத்தது. அந்த சிம்மின் அழைப்பும் குறுஞ்செய்தியும் முன்பே குறித்துக்கொடுத்த எண்களோடு மட்டும். அதில் வாட்ஸப் ஓடிபி வாங்குவது எப்படி? ஆகவே விவசாயியின் பெயரில், இல்லையென்றால் அவர் மனைவி பெயரில் சாதாரண சிம். கருவிக்கு எண் கொடுத்தவர்களே அதைப் பேசவிடாமல் செய்துவிட்டு, இப்போது ஆளின் சிம்மோடும் கட்டிப்போடுகிறார்கள். வயலில் ஒரு நாள் நின்றவர் இப்படி எழுதியிருக்க மாட்டார்.

1999இல் ஜாபராக வெளிவந்த எக்ஸ்எம்பிபி என்ற திறந்த செய்தி நெறிமுறைக்கு எண்ணே வேண்டாம். ஆளுக்கும் கிணற்றுக்கும் ஒரே வடிவ முகவரி. யார் கேட்கலாம் என்பதை ரோஸ்டர் என்ற தொடர்புப் பட்டியல் சொல்லும். இணைப்பு அறுந்தால் பிரசன்ஸ் என்ற இருப்பு நிலை காட்டிக்கொடுக்கும். வாட்ஸப் சர்வரே ஈஜாபர்டி என்ற எக்ஸ்எம்பிபி சர்வரிலிருந்து கிளம்பியதுதான். வளர்ந்தபின் கதவைச் சாத்திக்கொண்டது. எண்ணெய்க் குழாய்க் கண்காணிப்புக்காகப் பிறந்த எம்க்யூடிடி நெறிமுறையோ 2011இல் ஃபேஸ்புக் மெசஞ்சருக்குள் அரட்டைக்குப் போனது. நமக்கு எதிர்த்திசைப் பயணம், அரட்டையிலிருந்து கருவிக்கு.

தகவலை அனுப்ப மட்டுமே செய்யும் கருவி அமர்வுகளுக்குத் துறை விலக்கு தர வேண்டும். தரும் என்று காத்திருக்க வேண்டாம். சொந்த சர்வரில் பிராசடி என்ற எக்ஸ்எம்பிபி மென்பொருளை ஏற்றி, முதலில் தொட்டி மட்டத்தை மட்டும் மாற்றுங்கள். மோட்டார் கட்டளையை ஒரு மாதம் இரண்டு வழியிலும் ஓடவிட்டுப் பார்த்தபின் பழையதை நிறுத்தலாம்.